வாக்கி டாக்கியின் குரலைக் கார் ஸ்டீரியோவில் கேட்பது எப்படி

மலை இறக்கம், நல்ல மழை. முன்னால் என் வண்டி, பின்னால் மச்சான் வண்டி. இரண்டிலும் இருவழி ரேடியோ, அதாவது வாக்கி டாக்கி, இருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, காற்றாடி முழு வேகத்தில் ஓட, பாட்டும் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. "மாமா, உங்க பின் டயர்ல காத்து இறங்குது, ஓரம் கட்டுங்க" என்று அவன் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறான். எனக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை. ஒரு வளைவு தாண்டி அவன் ஹெட்லைட்டை அடித்து அடித்துக் காட்டிய பிறகுதான் நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் டயர் பாதி தரையில் உட்கார்ந்திருந்தது.

ரேடியோவில் ஒரு குறையும் இல்லை. அதன் ஸ்பீக்கர் உள்ளங்கை அளவுகூட இருக்காது. அதுவும் அடிப்பக்கத்தில். டேஷ்போர்டுக்குக் கீழே மாட்டியிருந்ததால் குரல் முழுக்கக் கால்மிதியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கதவுகளில் நான்கு நல்ல ஸ்பீக்கர் சும்மா இருக்க, அவசரத்துக்கு வேண்டிய ஒரே குரல் காலடியில் முனகியது. அன்று இரவே இந்த வேலையைத் தொடங்கினேன். செய்து, பிரித்து, மறுபடி செய்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பலரும் முதலில் செய்வது, ரேடியோவின் ஸ்பீக்கர் ஜாக்கிலிருந்து ஸ்டீரியோவின் ஆக்ஸ் ஜாக்குக்கு (வெளி ஒலியை உள்ளே கொடுக்கும் துளை) ஒரு சாதாரண 3.5 மி.மீ. கேபிளைச் செருகிவிடுவது. சத்தம் வரும். ஆனால் இடப்பக்க ஸ்பீக்கரில் மட்டும் வரும், கரகரப்போடு வரும், வண்டியை முடுக்கினால் கூடவே ஒரு சீழ்க்கையும் ஏறும். சில ரேடியோக்களில் இந்தக் கேபிள் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிபையரையே எரித்துவிடும். அதனால் அந்த ஆபத்திலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் எர்த்தைப் பாருங்கள்

ரேடியோவின் ஸ்பீக்கர் வெளியீடு இரண்டு விதமாக இருக்கும். ஒன்றில், ஜாக்கின் வெளிப்பக்கம் ரேடியோவின் உலோக உடம்போடு சேர்ந்திருக்கும், அதாவது எர்த். இன்னொன்று பிரிட்ஜ் வகை. அதில் இரண்டு முனையுமே உயிருள்ளவை, அதாவது ஆம்ப்ளிபையரோடு சேர்ந்தவை, எதுவும் எர்த் இல்லை. நிறுவனங்களும் டாக்சிகளும் பயன்படுத்தும் வகை ரேடியோக்களில் இது நிறைய உண்டு. ஸ்டீரியோவின் ஆக்ஸ் ஜாக்கில் வெளிப்பக்கம் எப்போதும் எர்த்தான். பிரிட்ஜ் வகை ரேடியோவை அதில் நேராகச் செருகினால், உயிருள்ள ஒரு முனையை வண்டியின் பாடியோடு சேர்த்துக் கட்டியது போல் ஆகிவிடும்.

என்னுடைய முதல் ரேடியோ இப்படித்தான் போனது. புகையும் இல்லை, வெடிக்கவும் இல்லை. செருகிய அரை நிமிடத்தில் பேச்சு கம்மியது, அப்புறம் நின்றே போனது. திறந்து தொட்டுப் பார்த்தேன், ஒலியைப் பெருக்கும் சிப்பான ஆடியோ ஐசி விரல் வைக்க முடியாத சூடு. செருகுவதற்கு முன்னால் ஒரு மல்டிமீட்டரை எடுத்திருந்தால் அது பிழைத்திருக்கும்.

சோதிப்பது சுலபம். ஜாக்கில் ஒரு வெறும் பின்னைச் செருகி, அதன் முனையிலிருந்தும் வெளிப்பக்கத்திலிருந்தும் இரண்டு துண்டு வயரை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். அவை ஒன்றையொன்று தொடக் கூடாது. ரேடியோவை ஆன் செய்து, சிக்னல் இல்லாதபோது ஒலியை அடக்கும் ஸ்கெல்ச்சைத் திறந்துவிட்டு (அடங்கிய நேரத்தில் சில ரேடியோக்களில் ஆம்ப்ளிபையரே அணைந்திருக்கும்), மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையை ஆன்டெனா இணைப்பின் வெளி வளையத்தில் வைத்து, சிவப்பு முனையால் முதலில் ஒரு வயரையும் பிறகு மற்றதையும் தொடுங்கள். வெளிப்பக்க வயரில் 0 காட்டினால் அது எர்த். இரண்டிலுமே 6 வோல்ட் சுமாருக்குக் காட்டினால், அதாவது சப்ளையில் பாதி, அது பிரிட்ஜ். மீட்டரில் 6.4 என்று நின்ற எண்ணைப் பார்த்தபோதுதான் முதல் ரேடியோ ஏன் செத்தது என்று எனக்குப் புரிந்தது.

கையில் மல்டிமீட்டர் இல்லையென்றால், உங்களுடையது பிரிட்ஜ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் பெட்டி இரண்டு வகைக்கும் பொருந்தும்.

ஒரு சின்னப் பெட்டி

ஆக்ஸ் எதிர்பார்ப்பது 1 வோல்ட்டுக்கும் குறைவான சிக்னல். ரேடியோ தருவதோ ஒரு ஸ்பீக்கரையே ஓட்டும் வலு. 8 ஓம் ஸ்பீக்கரில் 2 வாட் என்றால் 4 வோல்ட். அப்படியே கொடுத்தால் ஸ்டீரியோவின் உள்ளீடு திணறும், குரல் கிழியும். ரேடியோவின் ஒலியளவை அடிமட்டத்துக்குக் குறைத்துச் சமாளிக்கலாம்தான். ஆனால் அந்த இடத்தில் குமிழியைத் துளி திருப்பினாலும் சத்தம் எகிறும், அடிநிலை இரைச்சலும் தூக்கலாகத் தெரியும். சிக்னலைப் பதினொன்றில் ஒரு பங்காகக் குறைத்துக் கொடுப்பதுதான் சரியான வழி.

வேண்டிய பொருள்கள்: 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று (கால் வாட் போதும்), 600க்கு 600 ஓம் ஆடியோ ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்று, 8 ஓம் சின்ன ஸ்பீக்கர் ஒன்று, ஒரு சுவிட்ச், ஒரு பிளாஸ்டிக் பெட்டி. பெட்டி உலோகமாக இருக்க வேண்டாம். ஜாக்கின் உடம்பு அதில் தொட்டு எர்த் ஆகிவிட்டால் இத்தனை சோதனையும் வீண்.

ரேடியோவிலிருந்து வரும் இரண்டு வயரைப் பெட்டிக்குள் கொண்டுவாருங்கள். ஒன்றில் 1 கிலோ ஓமைச் சேருங்கள். அதன் மறுமுனைக்கும் இரண்டாவது வயருக்கும் நடுவே 100 ஓம். அந்த 100 ஓமின் இரண்டு முனைகளிலிருந்தும் ட்ரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்றுக்கு (கம்பிச் சுருளுக்கு) வயர் போகட்டும். இரண்டாம் சுற்றிலிருந்து ஆக்ஸ் பின்னுக்கு. 4 வோல்ட் உள்ளே போனால் சுமார் 0.36 வோல்ட் வெளியே வரும். ஆக்ஸுக்கு அது இதமான அளவு.

ட்ரான்ஸ்ஃபார்மருக்குள் இரண்டு சுற்றும் ஒன்றையொன்று தொடுவதில்லை, ஒலி காந்தப்புலத்தின் வழியாகத்தான் தாண்டுகிறது. ரேடியோ பக்க எர்த்தும் ஸ்டீரியோ பக்க எர்த்தும் இந்தப் பாதையில் சந்திக்காததால் பிரிட்ஜ் ரேடியோவும் பிழைக்கும், இன்ஜின் சீழ்க்கையும் நிற்கும். கடையில் 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்று விற்பதற்குள்ளும் இதே ட்ரான்ஸ்ஃபார்மர்தான் இருக்கிறது. சால்டரிங் வராதவர்கள் அதையே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ரெசிஸ்டர் இரண்டும் அதற்கு முன்னால் கட்டாயம் வேண்டும். அந்தக் குட்டி ட்ரான்ஸ்ஃபார்மரில் 4 வோல்ட்டை நேராகப் போட்டால் கனத்த குரல்கள் நசுங்கித்தான் வெளியே வரும். ஐசொலேட்டரின் இரண்டு பக்கமும் ஸ்டீரியோ இணைப்புதான் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்; ரெசிஸ்டரிலிருந்து அதற்குள் போகும் பக்கத்திலேயே, கீழே சொல்வதுபோல் முனையையும் வளையத்தையும் சேர்த்துவிட வேண்டும்.

சரி, அந்தச் சின்ன ஸ்பீக்கர் எதற்கு? இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஸ்பீக்கர் ஜாக்கில் பின் செருகிய உடனே ரேடியோவின் சொந்த ஸ்பீக்கர் துண்டிக்கப்பட்டுவிடும். அப்புறம் ஸ்டீரியோ அணைந்திருந்தாலோ, யாராவது ஆக்ஸிலிருந்து எஃப்எம்முக்கு மாற்றிவிட்டாலோ, ரேடியோ ஊமை. கூப்பிடுகிறவர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார், உங்களுக்குத் தெரியவே தெரியாது. முன்பாவது கால்மிதி பக்கம் ஏதோ முனகியது, இப்போது அதுவும் கிடையாது. அதனால் 8 ஓம் ஸ்பீக்கரைச் சுவிட்ச் வழியாக ரேடியோவின் இரண்டு வயருக்கும் குறுக்கே, ரெசிஸ்டருக்கு முன்னாலேயே கட்டிவிடுங்கள். என் வண்டியில் அது கண்ணாடித் தூணுக்குப் பக்கத்தில் என் காதைப் பார்த்து இருக்கிறது. சுவிட்சை நான் ஆஃப் செய்வதே இல்லை.

பின்னில் ஒரு விஷயம்

ரேடியோவின் ஸ்பீக்கர் ஜாக் மோனோ: முனை, உடம்பு என்று இரண்டே தொடர்பு. ஆக்ஸ் ஸ்டீரியோ: முனை இடது, நடு வளையம் வலது, உடம்பு எர்த். ஸ்டீரியோ கேபிளை மோனோ ஜாக்கில் செருகினால் நடு வளையம் போய் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், வலது பக்கம் செத்துவிடும். அதனால் ரேடியோ பக்கம் மோனோ பின்னையே போடுங்கள். ஆக்ஸ் பக்கத்து ஸ்டீரியோ பின்னில், ட்ரான்ஸ்ஃபார்மரின் ஒரு வயரை முனைக்கும் வளையத்துக்கும் சேர்த்து, மற்றதை உடம்புக்குப் பற்றவையுங்கள். முனையையும் வளையத்தையும் சேர்க்கும் அந்தக் குட்டிப் பாலத்துக்கு, ரெசிஸ்டரின் காலை வெட்டிய துண்டே போதும்.

கையடக்க ரேடியோ வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இரண்டு பின் சேர்ந்த கென்வுட் வகை ஜாக்கில், பாவோஃபெங் உட்படப் பல ரேடியோக்களில் இதுதான், ஸ்பீக்கர் ஒலி வருவது சின்னத் துளையான 2.5 மி.மீ. வழியாக. பெரிய 3.5 மி.மீ. துளை மைக்குக்கும் பேசும் பொத்தானுக்கும். இரண்டு பின்களின் உடம்பும் ஒன்றையொன்று தொட்டால் பொத்தானை அழுத்தியதாகவே ரேடியோ எடுத்துக்கொள்ளும். வண்டிக்குள் பேசுவதெல்லாம் ஒலிபரப்பாகும், அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச முடியாது. எனவே சின்னத் துளைக்கு மட்டும் 2.5 மி.மீ. பின் போட்டு, பெரிய துளையை மூடியே வையுங்கள்.

இரைச்சல்

மூன்று விதமான தொல்லை வரும், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் 'வீ...' என்ற சீழ்க்கை, வண்டி ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருடையது. ட்ரான்ஸ்ஃபார்மர் போட்ட பிறகும் அது இருந்தால் ரேடியோவின் மின்சாரம் வரும் வழியைப் பாருங்கள். சிகரெட் லைட்டர் துளையிலிருந்து எடுத்திருப்பீர்கள். பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர் இழுங்கள், பிளஸ் வயரில் பேட்டரியை ஒட்டியே ஒரு பியூஸ் வையுங்கள். 50 வாட் ரேடியோ பேசும்போது 10 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும், வயரின் தடிமனை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். புதிய வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் முனையில் மின்னோட்டம் அளக்கும் சென்சார் ஒன்று உட்கார்ந்திருக்கும். அப்படி இருந்தால் ரேடியோவின் மைனஸை அந்த முனையில் மாட்டாமல், பேட்டரி வயர் பாடியில் சேரும் போல்ட்டில் மாட்டுங்கள்.

நீங்கள் பொத்தானை அழுத்திப் பேசும்போது மட்டும் கார் ஸ்பீக்கரில் 'டர்ர்' என்று வந்தால், உங்கள் ரேடியோ அலையே ஆடியோ வயருக்குள் புகுகிறது என்று பொருள். ஆன்டெனா கேபிளையும் ஆடியோ வயரையும் ஒரே கட்டாகக் கட்டியிருப்பீர்கள். பிரித்து ஆளுக்கொரு பக்கமாகக் கொண்டுபோங்கள். ஆக்ஸ் பின்னுக்குப் பக்கத்தில் ரேடியோ அலையைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் ஒன்றைப் போட்டு, வயரை அதற்குள் மூன்று சுற்று சுற்றுங்கள். எனக்கு இந்த இரண்டிலேயே சரியாகிவிட்டது.

மூன்றாவது, சப்வூஃபர் வைத்திருப்பவர்களுக்கு. எதிர்முனையில் பேசும்போதெல்லாம் அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் கேட்கலாம். பழுது ஒன்றும் இல்லை. குழுவைப் பிரித்தறிய ரேடியோக்கள் குரலுக்கு அடியில் ஒரு தாழ்ந்த சுரத்தைச் சேர்த்து அனுப்பும், 67 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரை. ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரில் அது கேட்காது. சப்வூஃபர் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆக்ஸில் இருக்கும்போது பேஸையும் லவுட்னஸையும் குறைத்துவிட்டால் போய்விடும். ரேடியோப் பேச்சு ஏறக்குறைய 300 முதல் 3000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகிறது. பேஸைக் குறைப்பதால் ஒரு சொல்லும் கெடாது, சொற்கள் இன்னும் துலக்கமாகவே கேட்கும்.

அளவு வைப்பது

எதிரில் யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஸ்கெல்ச்சைத் திறந்துவிடுங்கள், அல்லது மானிட்டர் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். வரும் 'ஸ்ஸ்ஸ்' இரைச்சல் மாறாமல் ஒரே சீராக இருக்கும், சோதனைக்கு அதைவிட நல்ல சிக்னல் கிடையாது. ஸ்டீரியோவை எஃப்எம்மில் வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வையுங்கள். பிறகு ஆக்ஸுக்கு மாற்றி, ஸ்டீரியோவைத் தொடாமல், அதே அளவு கேட்கும்வரை ரேடியோவின் குமிழியை மட்டும் ஏற்றுங்கள். அந்த இடத்தில் வெள்ளை மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். ஒலியை முன், பின் ஸ்பீக்கர்களுக்குப் பங்கிடும் ஃபேடரை முன்னால் தள்ளி, பேலன்ஸை ஓட்டுநர் பக்கம் கொஞ்சம் சாய்த்தால் பின் இருக்கையில் தூங்கும் குழந்தைக்கும் தொல்லை இல்லை.

பாட்டும் ஓட வேண்டும், குரலும் வர வேண்டும்

ஆக்ஸ் தேர்ந்தெடுத்திருந்தால்தான் ஸ்டீரியோவில் ரேடியோ கேட்கும். எஃப்எம் கேட்டுக்கொண்டிருக்கும்போது வரும் அழைப்பைப் பெட்டியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர்தான் சொல்லும். எனக்கு இதுவே போதுமாக இருக்கிறது. போதாதவர்களுக்கு ஒரு வழி, போனிலிருந்து வரும் பாட்டையும் ரேடியோவையும் ஒரே ஆக்ஸில் கலப்பது. இதற்கு முனையையும் வளையத்தையும் சேர்த்த அந்தப் பாலத்தை எடுத்துவிட வேண்டும். போனின் இடதிலிருந்து ஒரு 1 கிலோ ஓம் முனைக்கு, வலதிலிருந்து இன்னொன்று வளையத்துக்கு. ட்ரான்ஸ்ஃபார்மரின் ஒரு வயரிலிருந்தும் அதேபோல் முனைக்கு ஒன்று, வளையத்துக்கு ஒன்று. மொத்தம் நான்கு ரெசிஸ்டர். போனின் எர்த்தும் ட்ரான்ஸ்ஃபார்மரின் மறு வயரும் பின்னின் உடம்புக்கு. ஒலி பாதியாகக் குறையும், ஸ்டீரியோவைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

தனியாக வாங்கி மாட்டிய பல ஸ்டீரியோக்களின் பின்னால் 'மியூட்' என்று ஒரு வயர் இருக்கும். அதை எர்த்தில் தொட்டால் பாட்டு அடங்கும். ரேடியோவில் சிக்னல் வரும்போது எர்த் கொடுக்கும் வெளியீடு இருந்தால் இரண்டையும் இணைத்துவிடலாம். அழைப்பு வந்தவுடன் பாட்டு தானாக நிற்கும், நீங்கள் பேசும்போது பாட்டு மைக்கில் புகாமல் இருக்க அதே வயரைக் கையால் போடும் ஒரு சுவிட்சிலும் இணைக்கலாம். ஆனால் மியூட் ஆக்ஸையும் சேர்த்தே அடக்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம். மியூட் போடுகிறவர் குரலைச் சின்ன ஸ்பீக்கரில்தான் கேட்க வேண்டும். ஆக்ஸும் மியூட்டும் ஒன்றாக உதவாது.

கதவு ஸ்பீக்கரின் வயரில் ரேடியோவை நேராகச் சேர்த்துக் கட்டலாமா என்று கேட்பார்கள். கூடவே கூடாது. ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் வெளியீடும் ஏறக்குறைய எப்போதும் பிரிட்ஜ் வகைதான். இரண்டு ஆம்ப்ளிபையர்கள் முட்டிக்கொண்டால் ஒன்றாவது போகும். அப்படியே வேண்டுமென்றால், இரண்டு வயரையும் சேர்த்து மாற்றும் இரட்டை ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றைப் போட்டு, ஸ்பீக்கர் ஒரு நேரத்தில் ஒன்றோடு மட்டும் சேரும்படி செய்யுங்கள். கார் ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 ஓம். உங்கள் ரேடியோ 4 ஓமைத் தாங்குமா என்று கையேட்டில் பார்த்த பிறகு.

ஆக்ஸே இல்லாத வண்டியில், பெட்டியின் வெளியீட்டை ஒரு புளூடூத் டிரான்ஸ்மிட்டரில் கொடுக்கலாம். குரல் ஒரு நொடிக்கும் குறைவாகப் பின்தங்கி வரும், கேட்பதற்கு அது தடையில்லை. ஆனால் சில டிரான்ஸ்மிட்டர்கள் அமைதியான நேரத்தில் தூங்கிப்போய், விழித்துக்கொள்வதற்குள் முதல் இரண்டு சொற்களை விழுங்கிவிடும். "நிறுத்து" என்ற சொல்லே ஒற்றைச் சொல்தான். அதனால் புளூடூத் போட்டாலும் சின்ன ஸ்பீக்கரைக் கழற்றாதீர்கள்.

ஸ்டீரியோவை வெளியே இழுப்பதற்கு முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். சில பழைய ஸ்டீரியோக்கள் மறுபடி மின்சாரம் வந்ததும் ரகசிய எண் கேட்கும், அதை முன்பே தேடி எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் உறை போட்ட வயர்கள் பொதுவாக ஏர்பேக்குடையவை. அவற்றைத் தொடவும் வேண்டாம், அவற்றின் குறுக்கே உங்கள் வயரைக் கொண்டுபோகவும் வேண்டாம். ரேடியோவுக்கு உரிமம் தேவையா, எந்த அலைவரிசை என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டே பேசுங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு ஒரு சோதனை ஓட்டம் போங்கள். இன்னொரு வண்டியில் ஒருவரை ஏற்றி, நீங்கள் எதிர்பாராத நேரத்தில் கூப்பிடச் சொல்லுங்கள். ஒரு முறை கண்ணாடியை இறக்கிவிட்டு வேகமாக, ஒரு முறை பாட்டோடு, ஒரு முறை ஸ்டீரியோவை அணைத்துவிட்டு. அணைத்த நிலையிலும் கேட்டால் வேலை முடிந்தது. பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் எந்த வயர் எங்கே போகிறது என்று ஒரு துண்டுத் தாளில் வரைந்து ஒட்டி மூடுங்கள்.